நாற்பது விநாடி

வத்தல்மலை,
8.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பானுமதி வணங்கி எழுதுவது. மலைக்காற்றில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் அழகாக அடுக்கி வைத்திருக்கிறீர்களா? ஓய்வு பெற்ற நர்ஸ் என்றாலும் இதைக் கேட்கிற உரிமை எனக்கு உண்டு.

இத்துடன் ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது. எங்கள் ஊரின் அறுபத்தொரு வீட்டாரும் செல்போன் டவர் கேட்டுக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். போன வாரம் அளவெடுக்க வந்தவர், செப்டம்பர் முப்பதுக்குள் வீட்டு விவரங்களோடு மனு சேர்ந்தால் ஊர் பட்டியலில் ஏறும், தவறினால் அடுத்த பட்டியல் எப்போது என்று தனக்கே தெரியாது என்றார். இப்போது ஒரு போன் செய்ய வேண்டுமானால் சிக்னல் பாறைக்கு முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். என் இடுப்புக்கு அது ஆகாது. அதனால்தான் நமக்குக் கடிதம்.

மனுவை யார் எழுதுவது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. "நர்ஸம்மாவோட அண்ணன் புள்ளியியல் ஆபீஸ்ல இருந்தவருங்க. அவரு எழுதுனா ஒரு புள்ளி பெசகாது" என்றான் முத்துராஜ். அவன் அப்பா ஆண்டிக்கு மட்டும் விருப்பமில்லை. "அது வந்துட்டா வூட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கமாட்டீங்க" என்றார். "இப்ப உன் மூஞ்சிய பாத்துப் பாத்துத்தாம்பா எனக்கு முப்பது வயசுல நரைக்குது" என்றான் மகன். ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி ராதிகா சிரித்த சிரிப்பில் கூட்டம் கலைந்தது.

நீங்கள் மனுவை எழுதி, ஒரு திங்கட்கிழமை தர்மபுரிக்குப் போய், கலெக்டர் அலுவலக மனு நாளில் கொடுத்துவிட வேண்டும். செய்வீர்கள் என்று நானே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை பானுமதி

*

பாப்பாரப்பட்டி,
15.7.2024

அன்புத் தங்கை பானுமதிக்கு,

உன் அண்ணன் தீர்த்தகிரி எழுதுகிறேன். நானும் என் முழங்காலும் ஒருவாறு ஒத்துப்போகிறோம். தைலத்தைப் பற்றிக் கேட்காதே. உன் இடுப்பு தேவலையா? குளிருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கட்டு வந்து சேர்ந்தது. இரண்டு முறை எண்ணினேன், அறுபத்தொன்று சரியாக இருக்கிறது. மனு எழுத எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஓர் ஊருக்கு இல்லாத ஒன்றைக் கேட்டு வாதாடுமுன், அது என்ன பொருள் என்று பார்க்க வேண்டாமா? பத்து வருடமாகப் போனைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், முறையாக ஆராய்ந்ததில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து உனக்கு எழுதுகிறேன். ஆண்டி சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

முதலில் நம் குடும்பத்து வாட்ஸ்அப் குழு. நாற்பத்து மூன்று பேர். ஏழு நாள் கணக்கெடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள் வந்தன. அவற்றில் ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லிக் கேட்டது ஒன்பது. மற்றவை பூக்கள், விளக்குகள், யாரோ எழுதிய காலை வணக்கங்கள். கெட்டது ஒன்றுமில்லை. திருவிழாக் கூட்டத்தில் தெரிந்த முகங்கள் தூரத்தில் கையசைத்தபடி நகர்ந்து போவது போல இருந்தது.

இளம்பரிதி ஞாயிறுதோறும் ஓசூரிலிருந்து போன் செய்கிறான். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்." "மழை உண்டா?" "இல்ல." "சரிப்பா, வெச்சிடறேன்." நாற்பது விநாடி. குறை அவனுடையது அல்ல. போனைக் காதில் வைத்ததும் எனக்குச் சொல் ஓடிவிடுகிறது. முன்பு அவன் விடுதியிலிருந்து நான்கு பக்கம் எழுதுவான், நான் ஆறு பக்கம் எழுதுவேன்.

மனுவைப் பற்றிக் கவலை வேண்டாம். நாள் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்

*

வத்தல்மலை,
29.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இடுப்பு என் சொல்லைக் கேட்கிறது, உங்கள் முழங்காலைப் போல அல்ல. மூன்று நாளாக மேகம் வாசலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. துவைத்த புடவை காயவில்லை.

உங்கள் கணக்கை முத்துராஜ் வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஆண்டிக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா, முந்நூத்துல ஒம்பது" என்று மகனைக் குத்திக்கொண்டே இருக்கிறார். முத்துராஜ் விடவில்லை. "அந்த ஒம்பதுக்குத்தாம்பா நாங்க கேக்கறோம். மிச்சத்த நீ வெச்சுக்க" என்றான்.

இங்கே நடப்பது வேறு, அண்ணா. பையன்கள் பாறைக்குப் போய் வீடியோவை இறக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு வீடியோ இங்கே எட்டு நாள் ஓடும். போன மாதம் ஏதோ ஒரு தேசத்தில் ஒருவர் அடுப்பில் ரொட்டி சுடுவது வந்தது. ஊரே பார்த்தது. எட்டாம் நாளும் ஆண்டி, "அவன் மாவுல தண்ணி பத்தலடா" என்று வருத்தப்பட்டார். அந்த ரொட்டிக்காரர் எங்களுக்கு உறவு போல ஆகிவிட்டார். உங்களுக்கு வெள்ளமாய் வருவதால் அலுக்கிறது. நாங்கள் குடத்தில் முகந்து வருகிறோம்.

அதே பாறையில்தான் ராதிகாவுக்கு ஸ்கேன் தேதி சொன்ன செய்தியும் ஆறு நாள் கிடந்தது. தேதி போன பிறகுதான் கீழே வந்தது. இது தலைப்பிரசவம். நவம்பரில் நாள். நான் பார்த்துக்கொள்வேன், ஆனாலும் எனக்கு அறுபத்தைந்து வயது.

மனு கொடுத்தாயிற்றா?

தங்கை பானுமதி

*

பாப்பாரப்பட்டி,
12.8.2024

அன்புத் தங்கைக்கு,

மேகம் வாசலுக்கு வருகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே ஆடிக்காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. புடவை காய்ந்ததா?

இந்த முறை ரீல்ஸ். மதியம் இரண்டு மணிக்கு, ஐந்து நிமிடம் என்று மனத்தில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் சோளக்காட்டில் ஆடினாள். விரலைத் தள்ளினேன். ஒருவர் தக்காளியைக் கண்ணாடி போல மெல்லியதாக அரிந்தார். ஒரு நதி. ஒரு பூனை. யாரோ அழுதார், ஏன் என்று தெரியுமுன் விரல் தள்ளிவிட்டது. பனி மூடிய ஒரு ரயில் நிலையம், அங்கே யாரும் இறங்கவில்லை. நிமிர்ந்தபோது, தரையில் கிடந்த வெயில் சுவரேறி அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தது. இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. வருத்தமாகவும் இல்லை. தூங்கி எழுந்தவனுக்குக் கனவு மறந்தது போல இருந்தது.

பேத்தி காவியா வந்திருந்தாள். ஃபேஸ்புக்கில் ஏன் இல்லை என்று கேட்டேன். "தாத்தா, அதெல்லாம் இப்ப பென்ஷன்காரங்க இடம்" என்றாள். ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை இளையவர்கள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் பின்னாலேயே போகிறோம். நாம் போய்ச் சேரும்போது விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். இன்னொன்றும் கவனித்தேன். முதலில் எல்லோரும் பத்தி எழுதினார்கள். பிறகு ஒரு வரி. பிறகு ஒரு கட்டைவிரல் படம். இப்போது பார்ப்பது மட்டும். சொல் மெலிந்துகொண்டே வருகிறது. இது என் வயதின் புலம்பலாகவும் இருக்கலாம், நிச்சயமில்லை.

மனுவில் பதினான்கு வீடுகளுக்குக் கதவு எண் இல்லை. அது இல்லாமல் கொடுப்பது முறையாகுமா என்று தயக்கமாக இருக்கிறது. அனுப்பி வை.

அண்ணன்

*

வத்தல்மலை,
26.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. புடவை காய்ந்தது, நன்றி. பதினான்கு கதவு எண்களும் பின்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ஐந்து வீட்டுக்குக் கதவே கிடையாது, படல்தான். அதையும் எழுதியிருக்கிறேன், உங்கள் மனசாட்சி உறுத்தக் கூடாது என்று.

சொல் மெலிகிறது என்கிறீர்கள். ஆண்டியிடம் சொன்னேன். "நம்ம ஊருல எப்ப அது கொழுத்துக் கெடந்துச்சு? எம் பொண்டாட்டி நாப்பது வருசமா 'ம்'ங்கறா" என்றார். அவரே இப்போது டவர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ரொட்டிக்காரர் வேறு என்ன சுடுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

ராதிகாவுக்குக் காலில் வீக்கம் இருக்கிறது. இரத்த அழுத்தத்தை வாரம் இரண்டு முறை பார்க்கிறேன்.

உங்கள் கடிதங்களை அவர்கள் வீட்டில் நான் வாசிக்க, எல்லோரும் கேட்கிறார்கள். வெயில் சுவரேறியதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள் ராதிகா. ஆனால் கடைசியில் முத்துராஜ் கேட்பது ஒன்றுதான்: மனு என்ன ஆயிற்று?

செப்டம்பர் முப்பது திங்கட்கிழமை. நினைவிருக்கட்டும்.

பானு

*

பாப்பாரப்பட்டி,
19.9.2024

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. சளி, வேறொன்றுமில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. உன் மலையின் மேகம் இறங்கிப் பாப்பாரப்பட்டிச் சந்தையை மூடியிருந்தது. காய்க்கடைகளுக்கு நடுவே ஆட்கள் நடக்கிறார்கள். உருவம் தெரியவில்லை, காதோரம் பிடித்த போன்களின் நீல வெளிச்சம் மட்டும் மிதந்து போகிறது. சத்தமே இல்லை. நான் ஒவ்வொரு வெளிச்சமாக நெருங்கி முகத்தைப் பார்க்கிறேன். ஒன்றில் இளம்பரிதி. ஒன்றில் நீ. உன் உதடு அசைகிறது. கேட்கலாம் என்று குனிவதற்குள் நீ கையை உயர்த்தி, வைத்துவிடுகிறேன் என்பது போலக் காட்டிவிட்டு மேகத்துக்குள் போய்விட்டாய். விழித்த பிறகும் தலையணை ஈரமாக இருப்பது போலத் தோன்றியது. தொட்டுப் பார்த்தேன், இல்லை.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாமா என்று யோசித்தேன்.

மனு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது.

அண்ணன்

*

தர்மபுரி,
24.10.2024

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினெட்டாம் தேதி விடியற்காலை ராதிகாவுக்கு வலி கண்டது, மூன்று வாரம் முன்னதாகவே. முத்துராஜ் ஆம்புலன்ஸ் கூப்பிடப் பாறைக்கு ஓடினான். மேகம். பாறையிலும் சிக்னல் இல்லை. நாங்கள் காத்திருக்காமல் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நான்காவது வளைவில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். அழ நேரம் எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பிழைத்துவிடும் என்கிறார்கள். ராதிகாவும் பிழைத்தாள்.

திங்களன்று இங்கிருந்து நடந்து போய் அலுவலகத்தில் விசாரித்தேன். எங்கள் ஊர் பெயரில் எந்த மனுவும் வரவில்லை என்றார்கள். பட்டியல் போய்விட்டதாம்.

பானுமதி

*

பாப்பாரப்பட்டி,
2.11.2024

பானுமதிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி இன்று எனக்கு இல்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

மனு தயாராகி ஒன்பது வாரம் ஆகிறது. நீ அனுப்பிய கதவு எண்கள் வந்த அன்று மாலையே முடித்துவிட்டேன். மூன்று பிரதிகள், இணைப்பு அட்டவணையுடன். அலமாரியில் இருந்தது. ஐந்து திங்கட்கிழமைகள் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனேன். ஒவ்வொரு முறையும் திரும்பிவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் நான் முதலில் செய்தது ஒரு கணக்கு. ஜூலையிலேயே மனுவைக் கொடுத்திருந்தாலும் அக்டோபருக்குள் டவர் வந்திருக்காது. ஆகவே நான்காவது வளைவுக்கு நான் காரணமில்லை. கணக்கு சரிதான். ஒரு குழந்தை உடனே அழவில்லை என்று படித்தவுடன் எனக்குக் கணக்குப் போடத் தோன்றியதே, அதுதான் என்னைக் கொல்கிறது. அடுத்த ராதிகாவுக்கு எத்தனை வருடத்தை நான் தள்ளிவிட்டேன் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். டவர் வந்தால் நீ எழுத மாட்டாய், போன் செய்வாய். நான் 'சாப்டேன்' என்பேன். நீ 'சரி வெச்சிடறேன்' என்பாய். இளம்பரிதியை நான் அப்படித்தான் தொலைத்தேன். ஒரு சண்டை இல்லை, ஒரு கோபம் இல்லை, ஞாயிற்றுக்கு நாற்பது விநாடியாக. உன்னையும் அப்படிக் கரைத்துவிடுவேனோ என்று பயந்தேன். நன்மை தீமை ஆராய்ச்சி என்று நான் எழுதியதெல்லாம் நாளைத் தள்ளத்தான். அறுபத்தொரு வீட்டை எனக்கு வரும் இரண்டு பக்கத்துக்காக நிறுத்தி வைத்தேன்.

வருகிற திங்கள் போகிறேன்.

தீர்த்தகிரி

*

பாப்பாரப்பட்டி,
10.12.2024

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நடந்ததைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

ஆறு திங்கட்கிழமைகள் போனேன். முதல் நாள் ஜன்னலில் இருந்தவர், "தேதி முடிஞ்சுபோச்சுங்களே பெரியவரே" என்றார். "முடிஞ்சுதாங்க போச்சு. ஊர் மேல தப்பு இல்லீங்க, எம் மேல" என்றேன். "அத ஏனுங்க எங்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டார். பின்னால் நின்ற ஒருவர், "கேளுங்க சார், இந்த ஆபீஸ்ல யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல" என்றார். வரிசையே சிரித்தது. நான் நகராமல் நின்றேன்.

பிறகு, தாமதம் முழுவதும் என்னுடையது என்று தனியாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு மனுவோடு வைத்தேன். ஆறாவது திங்கள் ஓர் அதிகாரி அம்மா அதை முழுதும் படித்தார். துணைப் பட்டியலில் சேர்த்து எண் போட்டுக் கொடுத்தார். ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்

*

வத்தல்மலை,
12.1.2025

அண்ணனுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. கோபம்தான். நான் நர்ஸ் என்பதால் என்னை நம்பினார்கள், என் அண்ணன் என்பதால் உங்களை நம்பினார்கள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம், இந்தக் கடிதத்துக்காகத்தானே இத்தனையும் என்று பேனாவை மூடினேன்.

ஊர்க் கூட்டத்தில் உங்கள் கடிதம் இரண்டையும் வாசித்துவிட்டேன். மறைக்கவில்லை. முத்துராஜ் எழுந்து போய்விட்டான். ஆண்டி மட்டும், "அந்த டவரு வேண்டாம்னு நான் கத்துனேன். உங்கண்ணன் கத்தாமயே நிறுத்திப்புட்டாரு. படிச்சவரு படிச்சவருதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ராதிகாவுக்காக நான் மன்னிக்க முடியாது. பொங்கல் கழிந்து ஒரு நாள் மேலே வந்து நீங்களே சொல்லுங்கள். பேருந்து வருகிறது.

தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வாருங்கள்.

பானு

*

பாப்பாரப்பட்டி,
3.2.2025

அன்புத் தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த சாமை அரிசியும் சிந்தாமல் வந்தது.

பேருந்தில் முழுவதும் நான் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீயும் பார்த்தாய், ராதிகாவின் முன்னால் பாதிதான் வந்தது. அவள், "சரிங்க" என்றாள். அடுப்பில் பால் பொங்கியது. சட்டென்று குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வேறு கை இல்லாததால் போட்டாள். அதற்கு மேல் நான் பொருள் கொள்ளக் கூடாது. குழந்தை என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தது. மேகம் வாசலில் நுழைந்து பின்கட்டு வழியாகப் போயிற்று. அந்த எடையை இன்னும் தொடையில் உணர்கிறேன். முத்துராஜ் பேருந்து வரை வந்தான். ஏறும்போது, "பாத்துப் போங்க சார்" என்றான்.

அண்ணன்

*

வத்தல்மலை,
15.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், விழுகிறாள், மறுபடி நிற்கிறாள். டவரில் விளக்கு எரிந்து, ஊருக்குள்ளேயே சிக்னல் கிடைத்து மூன்று நாள் ஆகிறது. ஆண்டியின் கையிலிருந்து போனை யாராலும் வாங்க முடியவில்லை. முத்துராஜ் அவரைப் பார்த்து, "மூஞ்சிய காட்டுப்பா, பாத்து எவ்வளவு நாளாச்சு" என்கிறான்.

நீங்கள் இன்னும் தபாலில் சேர்க்காத கடிதத்துக்கு இது பதில்.

நேற்று முதன்முதலாக உங்களுக்குப் போன் செய்தேன். "சாப்டீங்களா அண்ணா?" என்றேன். "சாப்டேன்" என்றீர்கள். "கால் எப்படி?" "இருக்குது." "சரி, வெச்சிடறேன்" என்று நீங்களே சொன்னீர்கள். போனை மேசை மேல் வைக்கிற சத்தம் வந்தது, ஆனால் நீங்கள் துண்டிக்கவில்லை. நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. நானும் துண்டிக்கப் போனேன். அப்போதுதான் உங்கள் குரல் வந்தது: "அன்புத் தங்கை பானுமதிக்கு." எழுதும்போது நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவீர்கள் என்று எனக்கு இத்தனை வருடமும் தெரியாது.

வாசலில் நின்று கேட்டேன். இருபத்திரண்டு நிமிடம். மேகம் என்னைச் சுற்றி வந்து நின்றது. அதற்குள்ளிருந்து நீங்கள் பேசுவது போலவே இருந்தது. கூச்சப்படாதீர்கள். ஒட்டுக்கேட்டது தப்புதான், ஆனால் எனக்கு வந்த கடிதம்தானே.

உங்கள் கேள்விகளுக்குப் பதில்: மிளகு இந்த வருடம் சுமார். இடுப்பு பரவாயில்லை. குழந்தைக்கு இன்னும் பல் வரவில்லை, அது பயப்படும் விஷயமில்லை. போன் வந்தாலும் நான் எழுதுவேன். இதோ எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

கடைசியில் ஒரு வரி சொன்னீர்கள். 'என்னை அண்ணா என்று கூப்பிட உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம்' என்று. "வேண்டாம், இது அதிகம்" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள். பேனா கோடு கிழிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

அது அதிகமில்லை, அண்ணா. மறுபடி எழுதி அனுப்புங்கள்.

தங்கை
பானுமதி